பனியா, பணியா? – புகலிடத் தமிழ்ப் புனைகதையிற் குடியமர்தலின் பொருளடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

1

பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் வாழ்பவரைக் குறிக்க ஆங்கிலத்திற் சொற்கள் பல உள. உயர்ந்த சம்பளத்துடனும் குடியிருப்பு வசதியுடனும் அனுப்பப்படும் அதிகாரி 'எக்ஸ்பட்ரியேட்' எனப்படுகிறார். தொழில் தேடிச் செல்பவர் 'இமிகிறன்ட்'. உயிர் தப்பிச் செல்பவர் 'றெபியூஜி'. மூவரும் ஒரே விமானத்தில் வந்திறங்கலாம். ஒரே நகரத்தின் ஒரே குளிரை அனுபவிக்கலாம். எனினும், பயணத்துக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது, கையிலுள்ள பத்திரத்துக்கு முத்திரை இட்டவர் யார், அங்கு அவர்களது உழைப்பை வாங்குபவர் யார் என்னும் வினாக்களை எழுப்பியதும், மூவரும் மூன்று வேறுபட்ட சமூக நிலைகளிற் போய் நின்றுவிடுகின்றனர்.

தமிழ் வழக்கும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தது. 'வெளிநாட்டு உத்தியோகம்' பார்த்தவர், 'கண்டிச் சீமைக்குப் போனவர்', 'அகதியாய்ப் போனவர்' என்னும் தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு வர்க்க வரலாற்றைத் தம்முள் அடக்கியுள்ளன. இன்று எமது திறனாய்வுலகிற் பெருவழக்குப் பெற்றுள்ள 'புலம்பெயர்ந்தோர்' என்னுஞ் சொல்லோ இவர்கள் அனைவரையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவருகிறது. அதனால் ஒரு வசதி உண்டு, இழப்பும் உண்டு. அவ்விழப்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதிய நாடொன்றிற் குடியமர்தல் என்ற அனுபவத்தைப் புகலிடத் தமிழ்ப் புனைகதை எவ்வாறு சித்திரித்துள்ளது என்பதை நோக்கும்போது, பனி, குளிர், இலையுதிர்ந்த மரம், தனிமை, ஊர் நினைவு ஆகியன மீண்டும் மீண்டும் வருதலைக் காண்கிறோம். நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணித்தியாலங்களை விழுங்கிவிடும் பணி அவற்றினிடையே ஒரு பின்னணிச் சத்தமாகவே கேட்கிறது. பனி முன்னிலைக்கு வந்து பணி பின்னிலைக்குச் சென்றமை தற்செயலான நிகழ்ச்சியன்று என்பதும், இவ்விலக்கியத்தின் வலிமை மிக்க ஆக்கங்கள் பணியையும் அதற்கு அனுமதி வழங்கும் பத்திரத்தையும் நேரே எதிர்கொண்டவிடத்துத் தோன்றியவை என்பதும் எமது கருத்தாகும்.

2

புகலிட இலக்கியத்தை 'ஆறாந் திணை' என வருணித்தல் கடந்த சில தசாப்தங்களாக வழக்கிலுள்ளது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்துடன் பனியும் பனி சார்ந்த இடமுமாகிய ஆறாவது நிலமொன்று தமிழுக்கு வாய்த்துள்ளது என்பது இதன் பொருள். எஸ். பொன்னுத்துரையும் இந்திரனும் தொகுத்து 1994இல் வெளிவந்த புகலிடச் சிறுகதைத் தொகுதியின் பெயர் 'பனியும் பனையும்' என்பதாகும். வந்த நிலம் பனி, விட்ட நிலம் பனை என்ற அவ்விணைப்பு செவிக்கு இனியது, பலரையும் கவர்ந்தது. ஒரு புதிய எழுத்துத் தொகுதிக்கு அது பெருமையும் அடையாளமும் தேடித்தந்தது என்பதை மறுத்தற்கில்லை.

ஆனால் திணை என்பது நிலத்தின் தட்பவெப்பம் மட்டுந்தானா? பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வு, பண்டைத் தமிழகத்தில் நிலவிய சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாகத் திணைப் பாகுபாட்டை விளக்கியது. வேட்டையும் தினைப்புனமும், மேய்ச்சல், உழவு, மீன்பிடியும் உப்பு விளைவும் எனப் பல்வேறு உற்பத்தி முறைகள் ஒரே காலத்தில் அருகருகே நிலவியமையையே ஐந்திணை பிரதிபலிக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு 'செய்தி'யையும் சேர்த்து எண்ணுகிறது. உரைகாரர் அதற்குத் தொழில் எனப் பொருள் காண்பர். அஃதாவது, அந்நிலத்து மக்கள் எதைச் செய்து வாழ்கின்றனர் என்ற வினாவுக்கு விடை கூறாமல் ஒரு திணை நிறைவு பெறுவதில்லை.

இதனைப் புகலிடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆறாந் திணை என்பார் முதற்பொருளைக் கூறுகின்றனர்: நிலம் பனி, பொழுது நீண்ட மாரி. உரிப்பொருளையும் கூறுகின்றனர்: ஏக்கம். கருப்பொருளாக மேப்பிள் மரமும் அணிலும் வருகின்றன. செய்தி மட்டும் விடுபடுகிறது. உணவகக் குசினியிற் கோப்பை கழுவுதல், அதிகாலையிற் பத்திரிகை போடுதல், அலுவலக மாடிகளைத் துப்புரவு செய்தல், தொழிற்சாலையில் இரவு முறை, எரிபொருள் நிலையத்திற் காசாளர் வேலை ஆகியனவே எம்மவருட் பெரும்பாலோர் அங்குச் செய்தவை. இவற்றை விட்டுவிட்டுக் கட்டப்படும் திணை, தன் பெயருக்கே உரிய இலக்கணத்தை இழந்துவிடுகிறது.

இவ்விடுபடலுக்கு மரபிலேயே ஒரு வேர் உண்டு. அகத்திணை பொருள்வயிற் பிரிவைப் பாடியது. தலைவன் பொருள் தேடிச் செல்லும் சுரத்தின் வெம்மையையும் ஆறலைகள்வரையும் பாலைப் பாடல்கள் விரித்துரைக்கின்றன. வீட்டிற் காத்திருக்கும் தலைவியின் உள்ளத்தைக் கார்காலத்தின் ஒவ்வொரு குறியோடும் சேர்த்துரைக்கின்றன. வேற்றுமொழி வழங்கும் நாட்டில் அத்தலைவன் என்ன வேலை செய்தான், யாரிடம் செய்தான், எவ்வாறு கூலி பெற்றான் என்பன பற்றி அவை பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. பிரிவு பாடுபொருளாயிற்று, பொருளீட்டல் மௌனமாயிற்று. வழியும் காத்திருப்பும் கவிதைக்கு உரியன, உழைப்பு அதற்கு உரியதன்று என்னும் இம்மரபு எமது நவீன எழுத்தாளர் பலரிடத்தும் அவர்கள் அறியாமலே தொடர்கிறது.

பிறிதொரு வேறுபாட்டையும் மனங்கொளல் வேண்டும். பாலைத் தலைவன் மீள்பவன். கார் தொடங்குமுன் வருவேன் என்பது அவன் வாக்கு. சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்த நிலையாகக் காண்பதும் இங்குப் பொருத்தமுடையது. திரிந்தது மீளும் என்ற நம்பிக்கை அதில் உண்டு. எமது மக்களோ மீளவில்லை. 'நிலைமை சரிவந்ததும் ஊருக்குப் போவோம்' என்ற வாக்கு ஆண்டுதோறும் பின்தள்ளப்பட்டு, ஒரு நாளில் எவரும் அறிவிக்காமலே கைவிடப்பட்டது. குடியமர்தல் உண்மையில் தொடங்குவது அந்நாளிலேயே.

3

இலங்கைத் தமிழரின் வெளியேற்றம் ஒரே தன்மையதாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்தவர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். அவர்களது வருவாயால் யாழ்ப்பாணத்தில் உருவான வாழ்க்கை முறையே மணியோடர்ப் பொருளாதாரம் எனப்பட்டது. 'மலாயாப் பென்சனியர்' ஊரின் மதிப்புக்குரிய மனிதரானார். அவர் மலாயாவில் வாழ்ந்த காலம் ஊரில் வீடாகவும் வளவாகவும் சீதனமாகவும் மாற்றப்பட்டது.

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், 1958ஆம் ஆண்டின் வன்செயல், 1970களின் தரப்படுத்தல் என்பன மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் முதலிய தொழில்வல்லாரைப் பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அனுப்பின. இவர்கள் தகைமைச் சான்றிதழுடன் சென்றவர்கள். 1983 ஜூலையின் பின்னர் சென்றோரின் நிலை வேறு. காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் தரகருக்குக் காசு கட்டியும் சென்ற இளைஞர்களே அவர்களிற் பெரும்பாலோர். கிழக்குப் பேர்லினில் இறங்கி மேற்குப் பேர்லினுக்குள் நுழைந்தவர் பலர். 1986இல் கிழக்கு ஜேர்மன் அரசு அவ்வழியை அடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர் மீனவராற் காப்பாற்றப்பட்டனர்.

இவ்விரு பகுதியினருக்கும் இடையே இருந்த தூரத்தை இலக்கிய வரலாற்றாசிரியர் உரிய முறையிற் கவனித்திலர். இலண்டனில் ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியமர்ந்திருந்த தொழில்வல்லார், புதிதாக வந்த அகதி இளைஞரைத் தம்மினத்தவர் என்று அணைத்துக்கொண்டதும் உண்டு. தம் மதிப்பைக் குலைக்க வந்தவர் என்று ஒதுங்கியதும் உண்டு. 1970இல் இலண்டன் சென்ற இராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம், 'ஒரு கோடை விடுமுறை', 'உலகமெல்லாம் வியாபாரிகள்' முதலிய நாவல்களில் இலண்டன் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் மன அமைப்பை உள்ளிருந்தே எழுதியமை குறிப்பிடத்தக்கது. அரசியற் பிரக்ஞையுடன் எழுதிய பெண்ணொருவர் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராதல் பலரது பட்டியல்களில் இன்னும் போதிய அழுத்தம் பெறவில்லை.

4

அகதியாகச் சென்றவர் முதலிற் சந்திப்பது பனியையன்று, படிவத்தையே. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உடையவரையே அகதி எனக் கொள்கிறது. அவ்வச்சத்தை விண்ணப்பதாரர் தம் வாழ்க்கைக் கதையாற் காட்டல் வேண்டும். திகதி முன்பின் முரணாது, பெயர் மாறாது, காரணகாரியத் தொடர்போடு கதை அமைய வேண்டும். புகலிடத் தமிழில் இதற்குக் 'கேஸ் எழுதுதல்' என்று பெயர். ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் 'அசூல் அடித்தல்' என்ற தொடர் பிறந்தது. ஒரு தலைமுறை முழுவதும் தன் வரலாற்றை முதன்முதலாக எழுதியது அந்நிய அரசொன்றின் அதிகாரிக்கு என்பது இலக்கியச் சமூகவியலாளர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விடயம்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபட்டது. அதற்கேற்ப எழுத்தின் தன்மையும் வேறுபட்டது. மேற்கு ஜேர்மனியின் 1982ஆம் ஆண்டுப் புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பதாரர் தமக்கு ஒதுக்கப்பட்ட பிரதேசத்துக்கு அப்பாற் செல்வதைத் தடுத்தது. தொழில் செய்வதற்கும் நீண்ட காலத் தடைகள் இருந்தன. முகாம்களில் வேலையின்றி அடைபட்ட இளைஞரிடம் நேரம் இருந்தது; ஊரில் இயக்கங்களிடையே நிகழ்ந்த மோதல்களால் மனங்கசந்த அரசியலும் இருந்தது. ஜேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயிற் 'சுவடுகள்', சுவிற்சர்லாந்தில் 'மனிதம்', பாரிஸில் 'ஓசை' முதலிய சிறு சஞ்சிகைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்த பகைப்புலம் இதுவாகும். 1988இல் ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்பு தொடங்கியதும் இச்சூழலிலேயே. கனடாவில் நிலைமை வேறு. 1985ஆம் ஆண்டின் சிங் வழக்குத் தீர்ப்பிலே அந்நாட்டு உயர் நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளருக்கு நேரடி விசாரணைக்கு உரிமை உண்டெனத் தீர்த்தது. அங்குக் குடியமர்தல் விரைவாக நிகழ்ந்தது. குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் வணிகப் பத்திரிகைகளும் தோன்றின. எழுத்தும் அதற்கேற்ப வேறு திசையிற் சென்றது. பிரான்ஸிலோ, 1991 வரை புகலிடக் கோரிக்கையாளர் சட்டப்படி தொழில் செய்ய இயன்றது. அவ்வாண்டில் அவ்வுரிமை பறிக்கப்பட்டதும், உழைப்பு நின்றுவிடவில்லை. குசினியின் பின்கதவுக்கு இடம்பெயர்ந்தது. சட்டம் மறுத்த உழைப்பு மலிந்த உழைப்பாயிற்று.

விண்ணப்பக் கடிதம் என்ற இவ்வடிவத்தை இலக்கிய வடிவமாக்கியதே ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) நாவலின் சிறப்பு. நாவல், பிரெஞ்சு அகதி விவகார அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட கடிதத்துடன் தொடங்குகிறது. விண்ணப்பதாரரின் பெயர் ஆசிரியரின் இயற்பெயரோடு தொடர்புபட்டது. கடிதத்தின் பணிவான அலுவலக நடையும், அதன் பின்னர் விரியும் தீவகக் கிராமத்துக் கதையின் கொச்சையும் வன்மையும் ஒன்றையொன்று மோதுகின்றன. கதைப்போக்கினிடையே வரும் அடிக்குறிப்புகள் ஆராய்ச்சியாளனின் கருவிபோலத் தோன்றினும், அவற்றின் உண்மைப் பயன் வேறு. சாட்சியம் கேட்கும் உலகொன்றில், சாட்சியமாகச் செல்லுபடியாகாத வாழ்வொன்றுக்குச் சாட்சியம் தேடும் முயற்சியே அவை. சொல்லப்படுவது உண்மையாயினும் நம்பப்படாது. நம்பப்படுவது உண்மையாயிருக்க வேண்டுவதில்லை. அகதியின் இச்சிக்கலை உள்ளடக்கமாகக் கூறிய கதைகள் பல உண்டு. வடிவமாகவே நிறுத்தியது இந்நாவல். யதார்த்தவாதம் என்பதை நம்பகமான கதைசொல்லியொருவரின் நேர்க்கூற்றாக மட்டும் கருதிவந்த எமது திறனாய்வு மரபினருக்கு அது தந்த பாடம் சிறிதன்று.

பத்திரத்தின் ஆற்றல் உறவுகளையும் படைக்க வல்லது. ஷோபாசக்தி தலைமைப் பாத்திரமேற்று நடித்த, ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படம் 2015இல் கான் விழாவிற் தங்கப்பனை விருது பெற்றது. ஒருவரையொருவர் அறியாத ஆணும் பெண்ணும் சிறுமியும், இறந்தவரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு குடும்பமாகின்றனர். ஆண் அடுக்குமாடித் தொகுதியின் காவலாளியாகிறான். பெண் முதியவரொருவருக்குச் சமைத்துத் துப்புரவு செய்கிறாள். அவ்வேலைகளினூடாகவே அவர்களிடையே உறவு முளைக்கிறது. படத்தின் இப்பகுதி வலிமையுடையது. இறுதியிலோ இங்கிலாந்தில் வெயில் காயும் வீடும் தோட்டமும் குழந்தையும் காட்டப்படுகின்றன. அவ்வீட்டுக்கு மாதந்தோறும் பணங் கட்டுபவர் யார், எவ்வேலை செய்து கட்டுகிறார் என்பது காட்டப்படவில்லை. குடியமர்தல் அங்கு உழைப்பின் விளைவாகவன்றி, துயருற்றவர்க்குக் கதாசிரியர் வழங்கும் பரிசாக மாறிவிடுகிறது.

5

இனி, வெளிநாட்டு உத்தியோகத்தரின் எழுத்துக்கு வருவோம். 1964இல் 'அக்கா' தொகுதியுடன் அறிமுகமான அ. முத்துலிங்கம், கணக்காளராகப் பயிற்சி பெற்று, ஐக்கிய நாடுகள் சபையின் உத்தியோகத்தராக ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் முதலிய இடங்களிலும் பணியாற்றிப் பின்னர் கனடாவிற் குடியமர்ந்தவர். நீண்ட இடைவெளியின் பின் 1990களிலிருந்து அவர் எழுதிய கதைகள் தமிழுலகெங்கும் வாசகரைப் பெற்றன. அவரது நடையின் தெளிவும் எள்ளலும் புதியதை வியந்து நோக்கும் பார்வையும் யாவரும் அறிந்தவை.

இவருக்கு எதிராகச் சில முற்போக்காளர் கூறும் குற்றச்சாட்டு, அவர் மேட்டுக்குடி அனுபவத்தை எழுதுகிறார் என்பதாகும். இது போதிய விமரிசனமன்று. எழுத்தாளரின் வருமானத்தைக் கணக்கிட்டுத் தீர்ப்புக் கூறுவது கொச்சை மார்க்சியம். சமூகத்தில் எங்கு நின்று நோக்குகிறார் என்பது அவருக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று வினவுவதே முறை. சம்பளமும் வதிவிட உரிமையும் உறுதிப்பட்ட ஒருவருக்குப் புதிய நாடு அச்சுறுத்தலாகத் தோன்றுவதில்லை, புதிராகத் தோன்றுகிறது. ஆகவே அவரால் ஆபிரிக்கரையும் ஆப்கானியரையும் கூர்ந்து நோக்கி, அவர்களைக் கதாபாத்திரங்களாக்க முடிந்தது. அகதி எழுத்தாளர் பலரின் கதைகளில், தம்முடன் ஒரே குசினியில் நின்ற அல்ஜீரியரும் மாலியரும் துருக்கியரும் பெயரற்ற நிழல்களாகவே வந்துபோகின்றனர். பாரிஸ் நகர விளிம்பு மனிதரை எழுதிய க. கலாமோகனின் 'நிஷ்டை' (1999) போன்ற தொகுதிகள் இதற்கு விலக்கானவை. தொழிலாளி வர்க்கச் சர்வதேசியம் வாய்க்கவேண்டிய இடத்தில் அது வாய்க்காது, அதிகாரியின் உலகப் பார்வையில் மனித சமத்துவம் ஓரளவு வாய்த்தமை முரண்பாடானது. இம்முரண்பாட்டை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் அப்பார்வையின் எல்லையும் தெளிவானது. 'அமெரிக்காக்காரி' என்ற கதையில், ஊரிலே அமெரிக்காக்காரி எனக் கேலி செய்யப்பட்ட பெண், அமெரிக்காவிலே இலங்கைக்காரி எனப்படுகிறாள். எங்கும் முழுமையாகச் சேராத நிலையை எளிமையாக உணர்த்தும் நல்ல கதை அது. ஆயின் அங்கு அடையாளம் என்பது பிறர் அழைக்கும் பெயராகவும் தான் தன்னை உணரும் உணர்வாகவும் நிகழ்கிறது. குடிமை என்பதைச் சட்டமும் சந்தையும் தீர்மானிக்கும் தளம் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. 'கடவுள் தொடங்கிய இடம்' என்ற நாவலில் அவர் அகதி இளைஞனொருவனின் பயணத்தையே பொருளாகக் கொண்டார். நாவலின் பெரும்பகுதி வழியிலேயே நிகழ்கிறது. தரகரும் எல்லைகளும் காத்திருப்பும் நுணுக்கமாக வருகின்றன. பாலைப் பாடல் சுரத்தைப் பாடியதுபோல இந்நாவலும் வழியைப் பாடுகிறது. வந்து சேர்ந்த பின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய வேலை அதன் மையத்துக்கு வரவில்லை.

6

பணியை மையமாகக் கொண்டு குடியமர்தலை எழுதுதல் தமிழில் இயலாத காரியமன்று. எமது மலையக இலக்கியமே அதற்குச் சான்று. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட மக்களுக்கு இலங்கையே புதிய நாடாக இருந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களிலேயே அத்தோட்ட வாழ்வைக் கதையாக்கியது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) கடல் கடந்து வந்த குடும்பத்தின் கதையைத் தலைமுறைகளினூடாகக் கூறியது. மலையக எழுத்தில் தேயிலை வெறும் இயற்கை வருணனையாக வருவதில்லை. கொழுந்து, நிறுவை, பேர்ப்போடுதல், லயம், கங்காணி, துரை என்பன யாவும் கருப்பொருளும் உற்பத்தி உறவும் ஒன்றாய்ப் பிணைந்தவை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்டது. உழைப்பும் பத்திரமும் சேர்ந்தே ஒருவரது குடியமர்வைத் தீர்மானிக்கின்றன என்பதை எமது நாட்டில் முதன்முதலாக அனுபவித்து எழுதியவர்கள் அவர்களே. ஆயினும் புகலிட இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மலையகத்தை நினைப்பதில்லை. கூலியாக வந்தவருக்கும் தமக்கும் உறவில்லை என்று கருதிய யாழ்ப்பாண மத்தியதர வர்க்கத்தின் கருத்துநிலை, பாரிஸின் குசினியிலும் கலைந்துவிடவில்லை என்பதே இதன் பொருள்.

சாதி பற்றிய விடயமும் இதனோடு தொடர்புடையது. ஊரில் எச்சிற் கோப்பை தொடாதவர் அங்கு நாள் முழுவதும் கோப்பை கழுவினார். ஊரிற் குப்பை கூட்டுதல் இன்ன சாதியாரின் தொழில் என்றிருந்தவர் அங்கு வீதி கூட்டினார். உழைப்பு சமன் செய்தது. ஆனால் அதே உழைப்பின் ஊதியம் ஊரிற் கோயிற் கோபுரமாகவும் மதிலாகவும் சாதி பார்த்த திருமணமாகவும் மாறியது. செய்யும் வேலையை ஊருக்கு மறைத்து, வேலையின் பயனை மட்டும் ஊருக்குக் காட்டுதல் ஒரு பொது வழக்கமாயிற்று. புனைகதையிற் பணி மறைந்தமைக்கு மரபு ஒரு காரணமென்றால், இவ்வெட்கம் மற்றொரு காரணம். கடிதத்தில் எழுதாததைக் கதையிலும் எழுதாது விட்டனர்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. வீட்டு வேலையும் வெளி வேலையும் அவர்கள் மேல் ஒருங்கே விழுந்தன. கணவனின் விசாவில் தங்கியிருத்தல் என்ற சட்டநிலை, பழைய ஆணாதிக்கத்துக்குப் புதிய முத்திரை குத்தியது. நோர்வேயிலிருந்து வந்த 'சக்தி' முதலிய பெண்கள் சஞ்சிகைகள் இதனைத் துணிந்து எழுதின. கனடாவில் வாழும் சுமதி ரூபனின் தொகுதி ஒன்றுக்கு 'உறையும் பனிப்பெண்கள்' என்று பெயர். இங்கும் பனி வருகிறது. ஆனால் அது நிலத்தின் அடைமொழியாக நில்லாது, பெண் வாழ்வு உறைந்துபோகும் நிலையின் பெயராகிறது. பனியை இவ்வாறு உறவுகளின் மொழியாக மாற்றும்போது அதற்கு இலக்கியப் பெறுமதி உண்டு.

7

மேற்கூறியவற்றால் நாம் ஏக்கத்தை இலக்கியத்திலிருந்து விலக்கச் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. ஏக்கம் உண்மையானது. பன்னிரண்டு மணித்தியால வேலை முடிந்து வந்து கட்டிலில் விழுபவரின் மனத்தில் ஊர் வருவது, பகல் முழுவதும் அவரது மனம் அவருக்கு உரியதாயிராமையினாலேயே. அவ்வேலையைச் சொல்லாமல் ஏக்கத்தை மட்டும் சொன்னால், அது நோயின் காரணத்தை மறைத்து வேதனையை மட்டும் வருணிப்பதாகும். வாசகரும் அதனைத் தம் வேதனையாகச் சுவைத்துவிட்டு அமைவர்.

இவ்விடத்தில் எமது பக்கத்துத் தவறுகளையும் கூறியாக வேண்டும். மார்க்சியத் திறனாய்வாளராகிய நாம் நெடுங்காலமாகப் புகலிட எழுத்தை மத்தியதர வர்க்கத்தின் புலம்பல் என்று ஒதுக்கினோம். அல்லது தேசியப் போராட்டத்தின் பின்னிணைப்பாக வாசித்தோம். ஐரோப்பிய நகரங்களிற் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளி வர்க்கம் ஒன்றை, சங்கமோ சட்டப் பாதுகாப்போ அற்ற அவ்வர்க்கத்தை, நாம் காணவில்லை. ஆலையும் தோட்டமும் உள்ளவிடத்தே பாட்டாளியைத் தேடிப் பழகிய எமது கண்களுக்கு உணவகத்தின் பின்கட்டு புலப்படவில்லை. ஆறாந் திணை என்ற அழகிய பெயர் பரவியபோது, அதனை மறுக்கவோ ஆழப்படுத்தவோ எம்மிடம் ஆய்வு இருக்கவில்லை.

இது கடந்த காலத்து விவகாரமன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின் மருத்துவரும் பொறியியலாளரும் பல்கலைக்கழக ஆசிரியரும் பெருமளவில் நாட்டை விட்டுச் சென்றனர். பிரித்தானியா 2022இல் முதியோர் பராமரிப்பாளருக்குத் திறந்துவிட்ட விசா வழியைப் பின்னர் படிப்படியாக இறுக்கி, 2025இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு மூடிவிட்டது. தமக்கு வேண்டியபோது கதவைத் திறப்பதும் வேண்டாதபோது அடைப்பதும் முதலாளித்துவ அரசுகளின் வழக்கம். எமது வகுப்புகளில் அமர்ந்து சங்க இலக்கியம் பயிலும் மாணவருட் சிலர், பட்டம் பெற்ற மறு ஆண்டில் அந்நிய நகரொன்றில் முதியவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கக் கூடும். அவர்களுக்குப் பாலைத் திணையை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம் என்பது வெறும் பாடத்திட்டப் பிரச்சினையன்று. தலைவன் சென்ற வழியையும் தலைவி காத்திருந்த பொழுதையும் விளக்கிவிட்டு அமைவோமா, அல்லது அவன் அங்கு என்ன வேலை செய்தான் என்ற, பாடல் கூறாத வினாவையும் வகுப்பில் எழுப்புவோமா?

அவ்வினாவை எழுப்பப் பழகிய மாணவர் ஒருவர், நாளை அங்கிருந்து எழுதத் தொடங்கும்போது, குளிரைப் பற்றி எழுதுமுன் தம் கைகளைப் பார்ப்பார். அவரது எழுத்துக்கு எந்தத் திணையின் பெயரைச் சூட்டுவது என்பதை அதன் பின்னர் ஆறுதலாகத் தீர்மானிக்கலாம்.